மறைமலைநகரா, மதிலுக்குள் குடியிருப்பா, தனி மனையா? ஜி.எஸ்.டி. சாலையில் வீடு வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கும் என் தங்கையும் அவள் கணவரும், கையில் சேர்ந்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில், கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் சொந்த வீடு தேடத் தொடங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரகடம் பக்கம் வேலை; மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள்; எழுபதைக் கடந்த மாமியார் உடன் இருக்கிறார். எங்கே வாங்கலாம் என்று அவர்கள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மறைமலைநகரில் ஏழாண்டுகள் வாடகைக்கு இருந்தேன்; அதன்பின் ஒன்பது ஆண்டுகளாக, வாயிலில் காவலும் உள்ளே பூங்காவும் கொண்ட ஒரு வளாகக் குடியிருப்பில் வசிக்கிறேன்; என் அண்ணன் ஊரப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு மனைப்பிரிவில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறி பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று வகை வாழ்க்கையையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் தங்கைக்குச் சொன்னவற்றையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மூன்றுமே ‘திட்டமிட்ட குடியிருப்பு’ என்றுதான் விற்கப்படுகின்றன. ஆனால் திட்டமிட்டவர் யார், அந்தத் திட்டம் எந்த இடத்தோடு நின்றுபோகிறது என்பதில் மூன்றும் வெகுவாக வேறுபடுகின்றன.

மறைமலைநகர் அரசு திட்டமிட்ட ஊர். சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காக, நகரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தெற்கே, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1980-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய புதுநகரம் இது. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியிருப்பதால், தெருக்களுக்கும் பாவேந்தர் சாலை, அடிகளார் சாலை என்ற அழகான பெயர்கள் அமைந்துவிட்டன. இங்குள்ள முகவரிகளில் வரும் ‘என்.எச். 1’, ‘என்.எச். 2’ என்ற குறிப்பைப் புதிதாக வருவோர் தேசிய நெடுஞ்சாலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அண்டைக்குடியிருப்பு என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஊரைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பள்ளியும் கடைகளும் விளையாட்டிடமும் நடந்து போகும் தொலைவில் இருக்கவேண்டும் என்று கருதியவர்களின் எண்ணம் அந்தச் சுருக்கெழுத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

இரண்டாவது வகை, தனியார் நிறுவனம் எழுப்பும் வளாகம். கேட்டட் கம்யூனிட்டி என்ற பெயரில் நூறு வீடு கொண்ட சிறு வளாகங்களும் உண்டு, ஒரு சிற்றூர் அளவுக்குப் பரந்தவையும் உண்டு. இந்தச் சாலையில் பெரிய எடுத்துக்காட்டு, பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டி 2002-இல் தொடங்கப்பட்ட மகிந்திரா வேர்ல்டு சிட்டி. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் பங்காளியாக இருக்க, சுமார் 1,500 ஏக்கரில் இன்ஃபோசிஸ் வளாகம், பி.எம்.டபிள்யூ. கார் ஆலை முதலிய தொழிலிடங்களையும் அடுக்குமாடிகளையும் பள்ளியையும் ஒரே வரைபடத்துக்குள் வைத்த முயற்சி அது. நான் வசிக்கும் வளாகம் அதுவன்று. அதைவிட மிகச் சிறியது.

மூன்றாவது, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. ஊரில் இதை ‘டிடிசிபி அப்ரூவ்டு பிளாட்’ என்பார்கள். இங்கே திட்டம் என்பது சாலையின் அகலம், மனையின் அளவு, பூங்காவுக்கான ஒதுக்கீடு ஆகியவை குறிக்கப்பட்ட வரைபடம் மட்டுமே. மனைகளை விற்று முடித்ததும் விற்றவர் போய்விடுவார். மீதியை அங்கே வந்து சேர்பவர்கள்தாம் தங்கள் செலவில், தங்கள் உழைப்பில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் தரையின் பளபளப்பையும் நீச்சல் குளத்தையும் பார்க்கிறார்கள். நான் தங்கையிடம் முதலில் கேட்கச் சொன்னது வேறு: பத்தாண்டுகள் கழித்து இந்தத் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வாய்? மறைமலைநகரில் நகராட்சியிடம் சொல்ல வேண்டும். அங்கே வாக்காளர் என்ற ஒரே தகுதி போதும், வாடகைக்கு இருப்பவரும் வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். வளாகத்தில் உரிமையாளர் சங்கத்திடம் சொல்ல வேண்டும். வேலை விரைவாக நடக்கும், ஆனால் அதற்கான பணம் முழுவதும் குடியிருப்போரின் பையிலிருந்தே வரும், வாடகைதாரருக்குப் பெரும்பாலும் அங்கே குரல் கிடையாது. மனைப்பிரிவில் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் ஊராட்சி பொறுப்பேற்கும். வீடுகள் பாதிகூட எழும்பாத மனைப்பிரிவுக்கு அந்தப் பொறுப்பு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும். என் அண்ணன் வீட்டுத் தெருவில் முதல் விளக்கு எரிவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒன்பது வீட்டுக்காரர்கள் தத்தம் வாசலில் விளக்குப் போட்டு இரவெல்லாம் எரியவிட்டார்கள்.

இந்தப் பொறுப்புக் கேள்வி வேறெதையும்விடத் தண்ணீரில்தான் கூர்மையாக வந்து நிற்கும். 2019 கோடையில் சென்னை வறண்டபோது, பழைய மாமல்லபுரம் சாலை வளாகங்கள் பல முழுக்க முழுக்கத் தண்ணீர் லாரிகளை நம்பி நின்றதை நாம் மறந்துவிடக் கூடாது. அடுக்குமாடியில் இருநூறு குடும்பங்கள் ஒரே நிலத்தடியிலிருந்து உறிஞ்சுகின்றன. ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும்போது தனி வீட்டுக்காரரைவிட விரைவில் அவர்கள் லாரிக்கு வந்துவிடுவார்கள். அதே வேளையில், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் திருப்பிவிடும் நிலையமும், ஒழுங்கான மழைநீர் சேகரிப்பும் ஒரு வளாகத்துக்குத்தான் எளிதில் கைகூடும். நான் இருக்கும் வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையம் முதல் மூன்று ஆண்டுகள் பெயருக்குத்தான் இயங்கியது. பொறுப்பு சங்கத்தின் கைக்கு வந்து, அதற்கென்று ஒரு பணியாளரை அமர்த்தி, வாரந்தோறும் நீரைப் பரிசோதித்துப் பலகையில் எழுதத் தொடங்கிய பிறகே லாரிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆகவே ‘சுத்திகரிப்பு நிலையம் உண்டா’ என்று கேட்டு நிறுத்திவிடாமல், அதை இயக்குபவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். வெளியேறும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மறைமலைநகரில் நாங்கள் குழாய்த் தண்ணீரைத் தரைத்தொட்டியில் பிடித்து, மாடித் தொட்டிக்கு ஏற்றி, அதற்கேற்பக் காலை வேலைகளை அமைத்துக்கொண்டோம். நகராட்சி எல்லைக்குள்ளும் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும் என்பதால், குடிநீர் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் அந்தக் குறிப்பிட்ட வீட்டுக்கு உண்டா என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்பதே சரியான வழி. மனைப்பிரிவில் சொந்தக் கிணறும் சொந்தக் கழிவுநீர்த் தொட்டியும்தான் துணை. ஐந்தரை சென்ட் மனைகளில் ஒருவருடைய கழிவுத்தொட்டியும் அடுத்தவருடைய ஆழ்துளைக் கிணறும் எவ்வளவு நெருங்கி வந்துவிடுகின்றன என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. என் அண்ணன் தன் கிணற்றின் இடத்தைப் பின்னர் மாற்ற வேண்டியதாயிற்று.

தண்ணீர் இல்லாத கோடையைப் போலவே தண்ணீர் புகும் ஐப்பசியையும் பார்க்க வேண்டும். ஊரப்பாக்கம், நந்திவரம், மண்ணிவாக்கம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் போய்ச் சேர்கிறது. 2015-இல் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியபோது மக்கள் படகில் மீட்கப்பட்டதை இந்தப் பக்கத்தார் எல்லோரும் அறிவர். செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஓர் ஏரி நிரம்பி வழியும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் கால்வாய் எங்கே ஓடுகிறது என்பதை நம் முன்னோர் அறிந்தே ஊர் அமைத்தார்கள். புது வரைபடங்கள் பலவற்றில் அந்தக் கால்வாய்களைக் காணோம். கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவைப் படமான புலப்படத்தைக் கேட்டு, பக்கத்துப் புல எண்கள் ஏரி, தாங்கல், ஓடை, வண்டிப்பாதை என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நாள்தான் செலவாகும். வளாகங்களின் நீண்ட மதில் ஒரு வரத்துக் கால்வாயை மறித்து நின்றால், உள்ளே தரையை உயர்த்திக் கட்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். வெள்ளம் மதிலுக்கு வெளியே இருக்கும் பழைய ஊரில் ஏறும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழையில் எங்கள் மதிலை ஒட்டிய தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றதையும், எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் அந்த நீரில் நடந்து வந்ததையும் பார்த்த பிறகு, இதை ஒரு தொழில்நுட்பக் குறையாக மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

செலவுக்கு வருகிறேன். வளாகத்தில் பராமரிப்புத் தொகை சதுர அடிக் கணக்கில் வாங்கப்படுகிறது. சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடி வீட்டுக்கு 4,800 ரூபாய். ஆண்டுக்கு 57,600 ரூபாய். ஓர் உறுப்பினரின் தொகை மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால், 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். இதற்கு மேல் சொத்து வரி எல்லோரையும்போலக் கட்டியாக வேண்டும். பணி ஓய்வுக்குப் பின்னும் இந்தத் தொகை நிற்காது என்பதை வங்கிக் கடன் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. மின்தூக்கி மாற்றுதல், வெளிப்பூச்சு, குழாய் மாற்றம் போன்ற பெருஞ்செலவுகளுக்கு மூலநிதி எவ்வளவு இருக்கிறது, அது கட்டியவரிடமிருந்து சங்கத்தின் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று கடந்த மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கணக்கைக் காட்டத் தயங்கும் இடத்தில் வீடு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மறைமலைநகரின் பழைய தனி வீட்டில் மாதத் தொகை கிடையாது. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு பழைய கான்கிரீட்டைப் பழுதுபார்க்கும் செலவு ஒரே தவணையில் வந்து நிற்கும். மனையில் எல்லாம் புதிது. கம்பத்திலிருந்து மின் இணைப்பு இழுப்பது முதல் வாசலுக்கு மண் கொட்டுவது வரை சொந்தச் செலவு.

நிலத்தின் கணக்கும் வேறு. அடுக்குமாடியில் கட்டடத்தின் மதிப்பு தேயும். கையில் நிற்பது நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்கு மட்டுமே, அது சில வளாகங்களில் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி உண்டு. ஆனால் அன்றைக்கு உங்கள் பேரம் அந்தப் பங்கின் அளவைப் பொறுத்தே இருக்கும்.

பூங்காவைப் பற்றி ஒரு செய்தியைப் பலர் அறியாமலே வீடு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவும் குடியிருப்பும், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கப்பட்ட நிலம் ஊர்ப் பொதுச் சொத்து. அதைச் சுற்றி மதில் வைத்து ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று எழுத எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை. விளம்பரத்தில் காட்டப்படும் பசுமையான திடல் சங்கத்தின் சொத்தா, ஊரின் சொத்தா என்று வாங்குமுன் கேட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. மனைப்பிரிவிலோ இதே 10 விழுக்காடு பெரும்பாலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். என் அண்ணனும் அண்டை வீட்டாரும் ஊராட்சியின் இசைவோடு முள்ளை அகற்றி, புங்கனும் வேம்பும் நட்டு, இப்போது மாலையில் பிள்ளைகள் விளையாடும் இடமாக அதை மாற்றிவிட்டார்கள். அந்த மரங்களின் நிழலில் உட்காரும்போது அண்ணன் முகத்தில் இருக்கும் நிறைவை எங்கள் வளாகத் தோட்டத்தில் எவர் முகத்திலும் நான் கண்டதில்லை.

உள்ளே வாழ்வது எப்படி இருக்கிறது என்றுதான் தங்கை அதிகம் கேட்டாள். குழந்தைகளுக்கு வளாகம் நல்ல இடம். இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். வண்டிகள் மெதுவாகப் போகும் தெருவில் என் மகன் ஐந்து வயதில் தனியாக சைக்கிள் ஓட்டக் கற்றான். கீழே இறங்கினால் விளையாட எப்போதும் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். இரவில் வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது காவலரும் பக்கத்து வீட்டாரும் மூன்றே நிமிடத்தில் வந்து நின்றதை மறக்க மாட்டேன். பொங்கலும் கொலுவும் தீபாவளியும் கூடிக் கொண்டாடுகிறோம். அதே இடத்தில்தான் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் பொது மின்தூக்கியில் ஏறக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. நாங்கள் சிலர் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தோம். ஆயினும் அதை முன்மொழியத் தயங்காத ஒரு மனநிலையோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம் என்பது எனக்குப் பெரும் வருத்தம். துணி உலர்த்துவது, வாசலில் கோலம் போடுவது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்பன எல்லாம் கூட்டத்தில் விவாதமாகும். வாங்குமுன் சங்கத்தின் விதிகளையும் கடைசி ஆண்டுக் கூட்டங்களின் பதிவுகளையும் படித்துவிடுங்கள்; அந்த மக்களோடுதான் காலம் தள்ள வேண்டும்.

மறைமலைநகரில் எங்கள் தெருவில் ஆலைத் தொழிலாளி, ஆசிரியர், தையற்கடைக்காரர், ரயில்வே ஊழியர் என்று பலரும் அடுத்தடுத்து இருந்தார்கள். அங்கே பிள்ளைகள் பலவகை மனிதர்களோடு பழகி வளர்ந்தார்கள். வளாகத்தில் ஒரே வருமானமும் ஒரே மாதிரி வேலையும் கொண்டவர்களின் பிள்ளைகளோடு மட்டும் பழகுகிறார்கள். தொழிலை நம்பிய ஊருக்கே உரிய கவலையும் மறைமலைநகரில் உண்டு. அங்கே கார் ஆலை நடத்திய ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் வெளியேறும் முடிவை அறிவித்து, அடுத்த ஆண்டு உற்பத்தியை நிறுத்தியபோது, அந்த ஆலையை நம்பிய குடும்பங்களின் கலக்கத்தை அங்கிருந்த என் பழைய அண்டை வீட்டாரின் குரலிலேயே கேட்டேன்.

முதியவர்களின் நிலையைத் தனியே எண்ண வேண்டும். வளாகத்தில் நடைபாதை சமமாக இருக்கும். உட்காரத் திண்ணையும் இருக்கும். ஆனால் கீரைக்காரி வரமாட்டார், தேநீர்க் கடை இருக்காது, கோயிலுக்குப் போக ஒருவர் வண்டி எடுத்தாக வேண்டும். எங்கள் வளாகத்தில் பகல் பதினோரு மணிக்கு வெளியே பார்த்தால், வேலைக்குப் போன பிள்ளைகளின் தாய் தந்தையர் பால்கனியில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். கிராமத்தில் எழுபது வயது வரை சந்தைக்குத் தாமே போய்வந்தவர்கள், ஒரு தீப்பெட்டிக்கும் செயலியில் சொல்லச் சொல்லிப் பிள்ளையைக் கேட்கிறார்கள்.

போக்குவரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் மறைமலைநகரிலும் பரனூரிலும் நிற்கிறது. வெளியூர்ப் பேருந்துகளுக்கு 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையம் அருகில் வந்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து ரயில் மேடை வரை உச்சி வெயிலில் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும்.

ஆவணங்களில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனிக் கண்ணி உண்டு. மனை என்றால் ஒப்புதல் எண்ணை நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் சரிபார்க்க வேண்டும். ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, அத்தகைய மனைகளை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்கே பொருந்தும். புதிய அடுக்குமாடி என்றால் ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவையும் கட்டட நிறைவுச் சான்றையும் பார்க்க வேண்டும். கட்டுமானக் குறைகளுக்கு ஐந்தாண்டுகள் கட்டியவரே பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்வதால், ஒப்படைத்த நாளைக் குறித்துவைக்க வேண்டும். மறைமலைநகரின் பழைய வீடு என்றால், பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அளித்தது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமா, தவணை முடிந்து விற்பனைப் பத்திரமும் எழுதித் தரப்பட்டதா என்பதே முதல் கேள்வி.

இவ்வளவையும் வைத்து என் தங்கைக்கு நான் சொன்னது மறைமலைநகர். மாப்பிள்ளைக்கு வேலையிடம் அருகில், மகள் ரயிலில் கல்லூரிக்குப் போகலாம், மாமியார் தாமே நடமாடலாம், மாதத் தொகை என்ற சுமை இல்லை. கணவனும் மனைவியும் இரவு வரை வேலையில் இருந்து, கைக்குழந்தையை வளர்க்கும் குடும்பமாக இருந்திருந்தால், கணக்கை ஒளிக்காத ஒரு வளாகத்தையே சொல்லியிருப்பேன். மனைப்பிரிவு, ஐந்தாறு ஆண்டுகள் ஊரை உண்டாக்கப் பொறுமையும் உடல்வலுவும் உள்ளவர்களுக்கு உரியது. என் அண்ணனுக்கு அது இருந்தது.

சென்ற ஞாயிறன்று இரண்டாம் அண்டைக்குடியிருப்பில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். நாங்கள் மேற்கூரையின் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியாரைக் காணவில்லை. கால்மணி நேரத்தில் கையில் ஒரு கட்டு முளைக்கீரையோடு வந்து சேர்ந்தார். தெருமுனைக் கடைக்காரரிடம் இந்த வீட்டில் மழைநீர் புகுமா என்றும் கேட்டுவிட்டு வந்திருந்தார். புகாது என்று அவர் சொன்னாராம். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அடுத்த பெருமழை நாளில் நாங்களும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பதாக இருக்கிறோம்.